பெயரும் வீடும்

ஆசிரியப் பணியில் நான் கழித்த ஆண்டுகளில், கடைசி வாங்கில் இருத்தப்பட்டு மறக்கப்பட்ட பிள்ளைகள் சிலரைக் கண்டதுண்டு. மந்தமான பிள்ளை என்று ஒரு பெயரைச் சூட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணியவர்களுள் நானும் ஒருவன். அக்குற்றம் நெஞ்சை உறுத்தும்போதெல்லாம் ஆங்கில வைத்தியர் ஜோன் லாங்டன் டவுணின் வாழ்க்கை என் நினைவுக்கு வரும். அவரும் பெயர் சூட்டியவரே. ஆனால், அதனோடு நின்றுவிட்டவர் அல்லர்.

டவுண் 1828 ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியிலுள்ள டோர்பொயின்ற் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையில் தந்தையாரின் கடையில் வேலை பார்த்தவர், பின்னர் இலண்டனில் வைத்தியம் பயின்று சிறந்த மாணவரெனப் பாராட்டுப் பெற்றார். பேரும் பொருளும் தரும் பதவிகளை நாடியிருக்கலாம். அவரோ 1858 இல், அறிவு வளர்ச்சி குன்றியோர் நூற்றுக்கணக்கில் வாழ்ந்த ஏர்ல்ஸ்வூட் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். நண்பர்கள் வியந்தனர்.

அங்கே அவர் அடியையும் தண்டனையையும் ஒழித்தார், துப்புரவைப் பேணினார், மேசையில் அமர்ந்து கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணப் பழக்கினார், கைத்தொழில்களைப் பயிற்றுவித்தார். செவிப்புலன் குன்றிப் பேச்சும் அரிதாகவே வரப்பெற்ற ஜேம்ஸ் பூலன் என்பவர், அக்காப்பகத்திலே வியத்தகு தச்சராக விளங்கினார். இயலாதவர் என ஒதுக்கப்பட்டோரிடமும் இயல்வது எவ்வளவோ உண்டு என்பதற்கு அவர் கைவண்ணமே சான்றாயிற்று.

1866 இல் டவுண் ஒரு கட்டுரை வெளியிட்டார். தம் பராமரிப்பில் இருந்தோருள் ஒரு சாராரின் முகத்தோற்றம் தம்முள் ஒத்திருப்பதை நுணுகி நோக்கி விவரித்தார். நோக்கியது சரி, சூட்டிய பெயர் தவறு. அவர்களை மொங்கோலிய இனத்தோடு ஒப்பிட்டு அப்பெயராலேயே வகுத்தார். மனிதகுலம் ஒன்றே என்பதை நிறுவவே அவர் அவ்வாதத்தைப் பயன்படுத்தினார் எனினும், அப்பெயர் ஓர் இனத்துக்கும் எண்ணற்ற குடும்பங்களுக்கும் நூறாண்டு காலம் இழிவாய் அமைந்தது.

காப்பக நிருவாகத்தினருடன் பிணக்கு நேர, 1868 இல் பதவி துறந்தார். அவ்வாண்டிலேயே மனைவி மேரியுடன், இலண்டனுக்கு அண்மையில் நோர்மன்ஸ்பீல்ட் என்னும் இல்லத்தைத் தொடங்கினார். அது குடும்ப வீடு போல இயங்கவேண்டும் என்பதே அவ்விருவரின் விருப்பம். தோட்ட வேலை, இசை, நாடகம் யாவும் அங்கே கல்வியாயின. 1879 இல் எழுந்த நாடக அரங்கு இன்றும் நிலைத்திருக்கிறது.

டவுண் 1896 இல் மறைந்தார். ஒன்பது ஆண்டுகளின் பின் பிறந்த அவருடைய பேரன் ஒருவன், பாட்டனார் விவரித்த அதே நிலையோடு பிறந்தான். பாட்டனார் சூட்டிய பெயர் அவனையும் பற்றிக்கொண்டது. பாட்டனார் கட்டிய வீடு அவனை ஏற்றுக்கொண்டது. இதனை எண்ணுந்தோறும் என் உள்ளம் நெகிழும்.

அந்நிலைக்கு மிகையான ஒரு நிறமூர்த்தமே காரணம் என 1959 இல் பிரெஞ்சு ஆய்வாளர் கண்டறிந்தனர். இனத்துக்கும் அதற்கும் தொடர்பேயில்லை. 1961 இல் விஞ்ஞானிகள் பலர் கூடிப் பழைய பெயரைக் கைவிடுமாறு கோரினர். 1965 இல் உலக சுகாதார நிறுவனமும் அதனை நீக்கியது. டவுண் சிண்ட்ரோம் என்னும் பெயர் நிலைபெற்றது.

வீட்டின் கதையும் குறையற்றதன்று. பின்னாளில் அரசாங்க வைத்தியசாலையான நோர்மன்ஸ்பீல்ட் சீர்கெட்டு, 1976 இல் தாதியர் வேலைநிறுத்தம் செய்யும் நிலைக்குத் தாழ்ந்து, 1997 இல் மூடப்பட்டது. எத்துணை அன்போடு எழுப்பினும், பலரை ஓரிடத்தில் திரட்டி ஊரினின்றும் பிரித்து வைக்கும் இல்லம் நாளடைவில் வெறுங் கட்டடமாகிவிடும் போலும். இன்று இங்கிலாந்தில் இத்தகையோர் பலர் தம் பெயரிலேயே வாடகைக்கு வீடெடுத்து வாழ்கின்றனர். சமைக்கவும் பணத்தைக் கணக்கிட்டுச் செலவிடவும் கடைக்குச் செல்லவும் உதவியாளர் வந்து துணை நிற்கின்றனர். வீடு அவர்களுடையது, துணை மட்டுமே பிறருடையது.

டவுண் தொடங்கிய பாதை இவ்விடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பேன். அவர் தந்த பெயர் அழிந்தது, நன்று. மேசையிலே ஓர் இடமும் கையிலே ஒரு தொழிலும் கொடுத்தால் மனிதர் மலர்வர் என்ற அவரது நம்பிக்கை அழியவில்லை. கடைசி வாங்கை நோக்கி நடக்கும் துணிவை எனக்குத் தந்தது அதுவே.