தேரியில் ஊர் சமைத்த பெரியார்

தாமிரபரணி நீர் பாயும் ஆத்தூரின் வயல்களைக் கடந்து தென்மேற்கே சென்றால், செம்மணல் தேரி பாலையெனப் பரந்து கிடக்கும். அம்மணல் சூழ்ந்த இடையன்குடிக்கு 1841-ஆம் ஆண்டு வந்து சேர்ந்தார் கால்டுவெல் ஐயர்.

1814-இல் அயர்லாந்தில் பிறந்த அவரை, 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண ஆசிரியராகவே நாம் போற்றுகின்றோம். ஆயின், ஒழுங்கின்றிக் கிடந்த குடியிருப்பை நேரிய தெருக்களாக்கி, கிணறு தோண்டுவித்து, நிழல்மரம் நடுவித்தவரும் அவரே. அவர் 1847-இல் தொடங்கிய ஆலயத் திருப்பணி 33 ஆண்டுகள் நடந்து 1880-இல் நிறைவெய்தியது. 1891-இல் மறைந்த அவர் அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

நூலாராய்ச்சி அவரை ஏழையர் குடியினின்று பிரிக்கவில்லை. கற்கும் நாமும், விடுமுறையிற் சில நாளேனும் வீடற்றார் மனைக்கு மண் சுமப்போமாக.