ஸிம்ஹகட வீரர் தானாஜி மாலுஸரே

மஹாராஷ்டிர தேசத்தில் தானாஜி மாலுஸரேயின் பெயரை அறியாத சிறுவனும் இரான். மகனுடைய விவாகத்திற்கு ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கையில், அதனை நிறுத்தி வைத்துவிட்டுப் போர்முனைக்குச் சென்று மீளாது போன தளகர்த்தர் என்று அங்கே அவரைப் போற்றுவர். அவருடைய சரிதத்தை நம் வாசகர்களும் அறிதல் நலம் எனக் கருதி ஈண்டுச் சுருக்கி எழுதுகிறோம்.

ஸஹ்யாத்ரி மலையின் பள்ளத்தாக்குகளுக்கு மாவளம் என்று பெயர். அப்பிரதேசத்து உழவர்களைக் கொண்டே சிவாஜி மஹாராஜா தமது முதற் படையைத் திரட்டினார். செங்குத்தான பாறை ஏறுவதிலும், இருளில் வழி காண்பதிலும் அவர்கள் வல்லவர்கள். தானாஜி அந்தக் காலாட்படைத் தலைவர்களுள் ஒருவர். 1661-இல் கொங்கணத்துச் சங்கமேசுவரத்தில் நடந்த போரில், உடனிருந்த தலைவர் ஒருவர் அஞ்சி ஓட முற்பட, தானாஜி அவரைக் கயிற்றால் பாறையில் கட்டி வைத்துவிட்டுத் தாம் நின்று பொருது வென்றார் என்று சிவபாரதம் என்னும் வடமொழிக் காவியம் கூறுகிறது. அவருடைய மனோதிடத்திற்கு இஃதொன்றே போதிய சான்று.

1665-இல் மிர்ஸா ராஜா ஜயசிங்குடன் செய்துகொண்ட புரந்தர் உடன்படிக்கையின்படி, சிவாஜி 23 கோட்டைகளை மொகலாயருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. கொண்டாணா அவற்றுள் ஒன்று. புனே நகருக்குத் தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் நிற்கும் இக்கோட்டை எவர் கையில் இருக்கிறதோ, அவருக்குச் சுற்றுப்புற நாடு முழுவதும் அடங்கும். 1666-இல் ஆக்ராவின் காவலினின்று தப்பி வந்த சிவாஜி, இழந்தவற்றை மீட்கத் தொடங்கிய பொழுது முதலில் கருதியவற்றுள் கொண்டாணாவும் ஒன்றாயிருந்ததில் வியப்பில்லை.

அவ்வேளையில் தானாஜியின் இல்லத்தில் அவர் மகன் ராயபாவின் மணத்திற்கு ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. அரசரின் ஆணை வந்தது. மகன் மணத்தைப் பின்னர் நடத்திக்கொள்ளலாம், கோட்டையை முதலில் மீட்க வேண்டும் என்று தீர்மானித்து, தம்பி ஸூர்யாஜியையும் முதியவரான ஷேலார் மாமாவையும் உடனழைத்துக்கொண்டு அவர் புறப்பட்டார். துளசிதாஸ் என்ற பாடகர் இயற்றிய பவாடா என்னும் மராத்திக் கதைப்பாட்டு நமக்குத் தரும் செய்தி இது. இராமாயணம் பாடிய துளசிதாஸர் வேறு, இவர் வேறு.

1670 பிப்ரவரி 4-ஆம் தேதி இரவு, மாவளர்கள் எவரும் ஏறத் துணியாத பாறைப் பக்கமாகக் கோட்டைக்குள் புகுந்தனர். உடும்பின் இடையில் கயிறு கட்டி ஏறினர் என்பது கற்பனை. மலையேற வல்ல வீரர் இருவர் முன்னேறிச் சென்று ஏனையோருக்கு வழி செய்தனர் என்பதே நம்பத்தக்கது. கோட்டைத் தலைவன் உதயபானு, மொகலாயர் பணியிலிருந்த ராஜபுத்திர வீரன். இருவரும் நேர்க்கு நேர் பொருதனர். தானாஜியின் கேடயம் உடைந்தது. வேறு கேடயம் கைக்கு வருமுன், இடக்கையையே கேடயமாக்கி வெட்டுக்களை ஏற்றார். முடிவில் இருவரும் ஒருவர் கையால் மற்றவர் மாண்டனர். தலைவனை இழந்து கலங்கிய படையை ஸூர்யாஜி நிலைநிறுத்தி வெற்றி கொண்டார். குதிரைப் படையினரின் கூரைக் கொட்டில்களுக்கு மூட்டிய தீயை ராஜகட்டிலிருந்து கண்டு, கோட்டை வசமாயிற்று என்று சிவாஜி அறிந்தார். மறுநாள் முழுச் செய்தியும் எட்டியபொழுது, கோட்டை வந்த மகிழ்ச்சியினும் தானாஜி போன துயரமே அவருக்குப் பெரிதாயிற்று.

இப்போரைச் சமயப் போராகச் சித்திரிப்போர் உளர். அது பொருந்தாது. கோட்டையைக் காத்து மடிந்தவனும் ஹிந்துவே. தான் உண்ட சோற்றுக்குக் கடன் கழித்த உதயபானுவை இழித்துப் பேசுவதால் தானாஜியின் பெருமை ஓர் அணுவும் உயராது.

சாட்சியங்களைத் தரம் பிரித்துக் காணுதல் நம் கடமை. இரவுப் போரின் விவரங்களைத் தருவது கிருஷ்ணாஜி அனந்த சபாஸதர் எழுதிய வரலாறு. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ராஜாராம் நமது செஞ்சிக் கோட்டையிலிருந்து ஆண்ட காலத்தில் எழுந்த நூல் அது. மராத்திய வீரன் ஒருவனின் புகழ் தமிழ் மண்ணில் ஏடேறியது என்பது நாம் மகிழத்தக்க செய்தி. அந்த ராஜாராம் 1700-இல் உயிர் நீத்ததும் தானாஜி வீழ்ந்த அதே மலையில்தான். மணச் செய்தியோ கதைப்பாட்டின் வழி வருவது. ஸிம்ஹகட் என்ற பெயர் தானாஜியின் மரணத்தால் ஏற்பட்டது என்பதும் வழக்கே. 1670-க்கு முந்திய கடிதங்களிலேயே அப்பெயர் காணப்படுகிறது.

எனினும் அம்மணக் கதையைத் தள்ளிவிட நாம் ஒருப்படோம். அதன் முடிவு கவனிக்கத்தக்கது. துக்கநாட்கள் கழிந்தபின் சிவாஜியே முன்னின்று ராயபாவின் மணத்தை நடத்தி வைத்தார் என்பது மரபு. கோட்டை முந்தியது, மணம் பிந்தியது என்று தகப்பன் வகுத்தான். பிந்திய அந்தக் கடமையை அவன் விட்ட இடத்திலிருந்து அரசன் ஏற்றான். மஹாராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாக இதனைப் பாடி வந்ததன் கருத்து என்ன? ஒருவனுடைய உயிரைப் பெற்றுக்கொண்ட ராஜ்யம், அவன் மக்களுக்குத் தகப்பனாக நிற்கக் கடமைப்பட்டது என்பதே.

லோகமான்ய திலகர் கோடையில் தங்கி வந்த வீடு அம்மலைமேல் இன்றும் உளது. தானாஜியின் நினைவுச் சின்னத்திற்கு மாலை சூட்டுவோர் பலர் அங்கே செல்கின்றனர். மாலை சூட்டுதல் நன்று. ஆயினும் நாட்டுக்காக மாண்ட சிப்பாயின் மனைவி உதவித்தொகைக்காக ஆண்டுக்கணக்கில் விண்ணப்பம் எழுத நேருமாயின், அவன் மகனின் கல்வி இடையில் நிற்குமாயின், நாம் சூட்டும் மாலைகளுக்குப் பொருளில்லை. தானாஜி தம் கடனைச் செய்தார்; சிவாஜியும் தம் கடனைச் செய்தார். குடியரசில் சிவாஜியின் ஸ்தானம் குடிகளாகிய நம்முடையது. அந்தக் கடனை அரசாங்கம் தவறாது செலுத்தும்படி செய்வது நம் பொறுப்பாகும்.