பொறிகளுக்குப் பொதுவழி கண்டவர்

புதியதொரு பொருளைக் கண்டறிந்து புகழ் பெற்றோர் பலர். கண்ட பொருளை எல்லார்க்கும் பயன்படுமாறு ஆக்கியோர் சிலர். அச்சிலருள் ஒருவர் கேரி கில்டால் என்னும் அமெரிக்க அறிஞர். சிறு கணிப்பொறிகள் தோன்றிய காலத்தில், ஒன்றற்கென எழுதிய நிரல் வேறொன்றிலும் இயங்குவதற்கு வழி வகுத்தவர் அவர்.

கில்டால் 1942-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் சியாட்டில் நகரில் பிறந்தார். அவர்தம் குடும்பத்தார் அந்நகரில் மாலுமிகளுக்குக் கடற்பயணக் கலையைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தனர். கணக்காசிரியர் ஆகவேண்டும் என்னும் விருப்பத்துடன் கில்டால் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆங்குக் கணிப்பொறியைக் கண்டதும் அவர் உள்ளம் அதன்பாற் சென்றது. பின்னர்க் கலிபோர்னியாவில் மாண்டரே நகரத்துக் கடற்படை மேற்பட்டப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். 1972-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அந்நாளில் கணிப்பொறி என்பது பெரும் அறையை அடைத்து நிற்கும் பொறியாக இருந்தது. 1971-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் அதன் மூளை போன்ற பகுதியை நகம் அளவான ஒரு சில்லில் அடக்கி விற்பனைக்குக் கொணர்ந்தது. கில்டால் அதனை வாங்கி ஆராய்ந்தார். அந்நிறுவனத்திற்கு ஆலோசகராகிப் பி.எல்.எம். என்னும் நிரல் மொழியையும் ஆக்கி அளித்தார்.

சில்லு இருப்பினும், நிரல்களைச் சேமித்து வைக்க எளிய கருவி வேண்டும் அன்றோ? அதற்கென நெகிழ்வட்டு இயக்கி ஒன்றைக் கில்டால் பெற்றார். ஆயினும் அதனைக் கணிப்பொறியோடு இணைக்கும் மின்சுற்று அவரிடம் இல்லை. அவர்தம் நண்பர் ஜான் டோரோடி அதனை அமைத்துத் தந்தார். 1974-ஆம் ஆண்டில், வட்டில் உள்ள கோப்புகளைப் பேணி, நிரல்களை ஏற்றி இயக்கும் இயங்குதளம் உருவாயிற்று. சி.பி.எம். என்பது அதன் பெயர். இன்டெல் நிறுவனம் அதனை விற்க முன்வரவில்லை. ஆதலின் கில்டாலும் அவர்தம் மனைவி டோரதியும் தாமே ஒரு நிறுவனம் தொடங்கினர். அதுவே பிற்காலத்தில் டிஜிட்டல் ரிசர்ச் எனப் பெயர் பெற்றது.

இனித்தான் பெரும் இடர் எழுந்தது. சிறு கணிப்பொறி செய்வோர் பெருகினர். ஒருவர் பொறியில் இருந்த வட்டு இயக்கி மற்றவர் பொறியில் இல்லை. திரையும் விசைப்பலகையும் அவ்வாறே வேறுபட்டன. ஒவ்வொரு பொறிக்கும் ஏற்பக் கில்டால் தம் இயங்குதளத்தைத் திருத்த வேண்டியிருந்தது. இம்சாய் என்னும் நிறுவனமும் தன் பொறிக்கு அதனை வேண்டி வந்தபோது, மீண்டும் மீண்டும் திருத்துவதை விடுத்து, மாறுவது எது, மாறாதது எது என அவர் பகுத்து நோக்கினார்.

கோப்புக்குப் பெயரிடுதல், அதனைத் தேடுதல், வட்டில் இடம் ஒதுக்குதல் ஆகியவை எப்பொறிக்கும் பொதுவானவை. விசைப்பலகையிலிருந்து ஓர் எழுத்தைப் பெறுதல், திரைக்கு ஓர் எழுத்தை அனுப்புதல், வட்டின் குறித்த இடத்தைப் படித்தல், எழுதுதல் ஆகியவையே பொறிக்குப் பொறி மாறுபடுவன. இவற்றை மட்டும் தனியே பிரித்துச் சிறு பகுதியாக்கி, அதற்குப் பயாஸ் எனப் பெயரிட்டார். அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை என்பது அதன் பொருள். சி.பி.எம். 2.2 என்னும் பதிப்பில் அப்பகுதிக்குள் நுழைய 17 வாயில்களே இருந்தன. புதுப்பொறி செய்வோர் அந்த 17 பணிகளை மட்டும் தம் பொறிக்கு ஏற்ப எழுதினால் போதும். எஞ்சியவற்றைத் தொட வேண்டுவதில்லை.

மடல் எழுதுவோர் முகவரியிட்டு அஞ்சற்பெட்டியில் இடுகின்றனர். அம்மடல் புகைவண்டியிற் செல்லுமோ, படகிற் செல்லுமோ என்பதை அவர்கள் அறிய வேண்டுவதில்லை. அதுபோலவே நிரல் எழுதுவோரும் பொறியின் உறுப்புகளை அறியாமலே தம் பணியை முடித்தனர். வேர்டுஸ்டார் முதலிய நிரல்கள் பல நிறுவனங்களின் பொறிகளில் இயங்கின.

1980-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் தாம் செய்யவிருந்த கணிப்பொறிக்கு இயங்குதளம் நாடிக் கில்டாலின் நிறுவனத்திற்கு வந்தனர். உடன்பாடு கைகூடவில்லை. பின்னர் அவர்கள் மைக்ரோசாப்ட் நிறுவனத்திடமிருந்து வேறோர் இயங்குதளத்தைப் பெற்றனர். அதுவும் நிரல்களை வரவேற்கும் முறையில் சி.பி.எம்.மையே பெரிதும் பின்பற்றி அமைந்திருந்தது. 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த அக்கணிப்பொறிக்கு அவ்வியங்குதளம் 40 டாலருக்கும், கில்டாலின் இயங்குதளம் 240 டாலருக்கும் விற்கப்பட்டன. மக்கள் விலை குறைந்ததையே வாங்கினர். கில்டால் வானூர்தியிற் பறந்து பொழுதுபோக்கி, வந்த வாய்ப்பை இழந்தார் என்றொரு கதையும் பரவியது. அவர் அன்று சென்றது தொழிற்பணியின் பொருட்டே. அக்கதை அவர் உள்ளத்தைப் புண்படுத்தியது.

எனினும் அவர் சோர்ந்திருந்தாரல்லர். 1983-ஆம் ஆண்டு முதல் தொலைக்காட்சியில் தோன்றிக் கணிப்பொறியைப் பொதுமக்களுக்கு விளக்கினார். ஒளிவட்டில் கலைக்களஞ்சியம் வெளிவரவும் உழைத்தார். 1991-ஆம் ஆண்டில் அவர் நிறுவனம் நோவெல் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. 1994-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11-ஆம் நாள், தலையில் ஏற்பட்ட காயத்தால், 52-ஆம் வயதில் மறைந்தார்.

சி.பி.எம். வழக்கொழிந்தது. அது காட்டிய நெறி ஒழியவில்லை. சி மொழியில் நூலகம் ஆக்கி, அதனைப் பல இயங்குதளங்களுக்கும் பொதுவாக்க விழைவோர், கோப்பு, நினைவகம், கடிகாரம் ஆகியவற்றை அணுகும் பகுதியை மட்டும் ஒரு மெல்லிய அடுக்காகப் பிரித்து வைக்கின்றனர். இயங்குதளம் மாறும்பொழுது அவ்வடுக்கு மட்டுமே மாறுகிறது. கில்டால் தம் இயங்குதளத்தை எழுதிய பசிபிக் குரோவ் நகரில், 2014-ஆம் ஆண்டில் மின்பொறியாளர் கழகத்தார் நினைவுப் பலகை ஒன்றை நிறுவினர். வாணிகத்தில் வென்றவர் பிறராயினும், அவர் வகுத்த வழியில் உலகம் இன்றும் நடக்கின்றது.