கிளாரா பார்ட்டன் அம்மையார்

நோயுற்றார்க்குப் பணிவிடை செய்தல் உயர்ந்த அறமாகும். அப்பணியிலும், எதிர்பாராத வேளையில் குருதி ஒழுக வீழ்ந்து கிடப்பாரைக் காக்கும் பணி மிக அரியது. அங்கே நின்று எண்ணிப் பார்க்க நேரம் இராது. வேண்டிய பொருளும் கைக்கு எட்டாது. சிறிது காலம் தாழ்த்தினும் ஓர் உயிர் பிரிந்துவிடும். இத்தகைய பணியில் முறையான பயிற்சி ஏதுமின்றிப் புகுந்து, ஒவ்வொரு களத்திலும் ஒவ்வொரு பாடம் கற்றுச் சிறந்து விளங்கியவர் அமெரிக்க நாட்டுக் கிளாரா பார்ட்டன் அம்மையார்.

கிளாரா 1821-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த வட ஆக்ஸ்போர்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். உடன்பிறந்தார் ஐவருள் இவரே கடைக்குட்டி. தந்தையார் ஸ்டீபன் பார்ட்டன் இளமையில் படைவீரராக இருந்தவர். தாம் கண்ட போர்களைப் பற்றி மகளுக்கு விரித்துரைப்பார். கிளாராவோ மிகுந்த கூச்சம் உடையவர். புதியவர் எதிரில் வாய் திறக்கவும் நாணுவார். இப்பெண் பிற்காலத்தில் பீரங்கி முழக்கத்தின் நடுவே நின்று தொண்டாற்றுவார் என்று அந்நாளில் எவரும் கருதியிருக்க மாட்டார்கள்.

அவருக்குப் பதினொரு வயது நிகழ்ந்தபோது, தமையன் டேவிட் களஞ்சியம் ஒன்றைக் கட்டும் வேலையில் ஈடுபட்டிருந்தார். அதன் உச்சியிலிருந்து தவறி விழுந்து படுத்த படுக்கையானார். கிளாரா தமையனின் கட்டிலருகே அமர்ந்தார். வேளை தவறாமல் மருந்து கொடுத்தார். அக்கால மருத்துவ முறைப்படி, அட்டைகளை உடலில் விட்டுக் குருதி எடுக்கும் வேலையையும் அஞ்சாது கற்றுக்கொண்டார். ஏறத்தாழ ஈராண்டுகள் இவ்வாறு கழிந்தன. தன்னை மறந்து பிறருக்கு உழைக்கும் நேரத்தில் கூச்சம் தானே அகலும் என்னும் உண்மை அச்சிறுமிக்கு அப்போது விளங்கியது.

பதினேழாம் வயதில் கிளாரா ஆசிரியைத் தொழிலை மேற்கொண்டார். 1852-ஆம் ஆண்டில் நியூஜெர்சி மாநிலத்துப் போர்டன்டவுன் நகரில், கட்டணமின்றிக் கற்பிக்கும் பொதுப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சில பிள்ளைகளோடு தோன்றிய அப்பள்ளி விரைவில் பெருகி வளர்ந்தது. வளர்ந்த பள்ளிக்குத் தலைமை ஏற்கும் பொறுப்போ, மிகுந்த ஊதியத்துடன், ஆடவர் ஒருவருக்கு அளிக்கப்பட்டது. மனம் நொந்த கிளாரா அவ்வேலையைத் துறந்தார். பின்னர்த் தலைநகராகிய வாஷிங்டன் சென்று, அரசாங்கக் காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தரானார்.

1861-ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் கைவிட விரும்பாத தென்மாநிலங்கள் ஒன்றியத்திலிருந்து பிரிய முற்பட்டதே போருக்குக் காரணம். அவ்வாண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் மாசசூசெட்ஸ் படையினர் சிலர் பால்டிமோர் நகர் வழியாக வந்தபோது, ஒரு கூட்டம் அவர்களைத் தாக்கியது. வீரர் நால்வர் மாண்டனர், பலர் காயமுற்றனர். எஞ்சியோர் உடைமைகளை இழந்து வாஷிங்டனை அடைந்தனர். அவர்களுள் சிலர் கிளாராவிடம் முன்பு பயின்ற மாணவர்கள். அவர் தம் வீட்டிலிருந்த படுக்கை விரிப்புகளைக் கிழித்துத் துவாலைகளும் கைக்குட்டைகளும் ஆக்கினார். உணவும் நூலும் ஊசியும் சேர்த்து எடுத்துச் சென்று வழங்கினார். அவரது தொண்டு இவ்வாறு தொடங்கியது.

தலைநகருக்குக் கொண்டுவரப்பட்ட வீரர்களின் நிலை கிளாராவை ஒரு முடிவுக்கு வரச் செய்தது. காயம் பட்ட இடத்திலேயே சிகிச்சை கிடைத்திருப்பின் பிழைத்திருக்கக் கூடியவர் பலர் வழியிலேயே இறந்தனர். ஆதலின் உதவி செய்வோர் நகரில் காத்திராமல் களத்துக்கே செல்லுதல் வேண்டும் என்று அவர் எண்ணினார். ஆனால், பெண் ஒருத்தி போர்க்களம் செல்வதை அக்காலச் சமூகம் ஏற்கவில்லை. செவிலியர்க்கு முறையாகப் பயிற்சி தரும் பள்ளிகளும் அந்நாட்டில் அப்போது வேரூன்றவில்லை. கிளாராவும் தயங்கினார். 1862-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தந்தையார் மரணப் படுக்கையில் கிடந்தார். தாம் படைவீரர்களை நன்கு அறிவதாகவும், அவர்கள் அவரை மதித்து நடப்பார்கள் என்றும் கூறி, அவர் மகளின் தயக்கத்தைப் போக்கினார். பலமுறை வேண்டிய பின்னர், ஆகஸ்டுத் திங்களில் களம் செல்ல இசைவு கிடைத்தது. அப்போது கிளாராவுக்கு வயது நாற்பது.

அவர் முதலில் சென்றது வர்ஜீனியாவில் உள்ள சீடர் மலைக் களமாகும். வண்டி நிறையக் கட்டுத்துணியும் மருந்தும் உணவும் ஏற்றிக்கொண்டு, நள்ளிரவில் அங்கிருந்த மருத்துவ விடுதியை அடைந்தார். அங்கிருந்த மருத்துவர்களிடம் கட்டுத்துணி அற்றுப் போயிருந்தது. அவர்கள் அவ்வண்டியைக் கண்டு பெருமகிழ்ச்சி எய்தினர். ஆயினும், போர் முடிந்து சில நாட்கள் கழிந்த பின்னரே அவர் அங்குச் சேர முடிந்தது. பிந்தி வரும் உதவி பலருக்குப் பயன்படாது என்பது அவர் கற்ற முதற்பாடம்.

அத்திங்களின் இறுதியில் புல்ரன் என்னுமிடத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. காயமுற்றோர் பேர்பாக்ஸ் இரயில் நிலையத்திற்குக் கொண்டுவரப்பட்டு, ஒரு குன்றின் சரிவில் பரப்பிய வைக்கோலின் மீது கிடத்தப்பட்டனர். அவர்கள் தொகை ஏறத்தாழ 3,000. கிளாராவிடம் இருந்தவையோ இரண்டு வாளி, ஐந்து தகரக் குவளை, இரண்டு கைவிளக்கு, மூன்று தட்டு, இன்னும் சில பாத்திரம் மட்டுமே. பழப்பாகு வந்த புட்டிகள் காலியாகக் காலியாக, அவற்றிலேயே சாறு ஊற்றி அளித்தார். இரவு வந்ததும் புதிய அச்சம் தோன்றியது. இருளில் மெழுகுவத்தியை ஏந்தியே நடமாட வேண்டியிருந்தது. அதிலிருந்து ஒரு பொறி வைக்கோலில் விழுந்தால், எழுந்து ஓட இயலாத அத்தனை பேரும் தீக்கு இரையாவர். நல்வேளையாகத் தீமை ஏதும் நேரவில்லை. அன்பு மட்டும் போதாது, முன்னேற்பாடும் வேண்டும் என்பது இரண்டாம் பாடம்.

செப்டம்பர் 17-ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்து ஆன்டீட்டம் ஓடைக்கரையில் நிகழ்ந்த போரில் அப்பாடங்கள் பயன் தந்தன. அவ்வொரு நாளில் இருதரப்பிலும் மாண்டோர், காயமுற்றோர், காணாமற் போனோர் தொகை ஏறத்தாழ 23,000. படையின் வண்டி வரிசையில் மருத்துவப் பொருள்களுக்குப் பின்வரிசையே கிடைப்பது வழக்கம். கிளாரா அவ்வழக்கத்துக்குக் கட்டுப்படவில்லை. மற்றவர் உறங்கும் நள்ளிரவில் தம் வண்டியைச் செலுத்தி வரிசையைக் கடந்து, பீரங்கிப் படையின் அருகை அடைந்தார். ஒரு பண்ணை வீட்டில் மருத்துவர்கள் சோள இலைகளை வைத்துப் புண்களைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கட்டுத்துணியுடன் அவர் போய்ச் சேர்ந்தார்.

வீரன் ஒருவனைத் தாங்கி அவர் தண்ணீர் அருத்தும்போது, குண்டு ஒன்று அவருடைய சட்டைக் கையைத் துளைத்துச் சென்று அவ்வீரனின் உயிரைக் குடித்தது. மற்றொருவன் கன்னத்தில் தைத்த குண்டின் வேதனை தாளாது, அதை அகற்றுமாறு மன்றாடினான். மருத்துவர்கள் அவனினும் மோசமான நிலையில் இருந்தோரைக் கவனித்துக்கொண்டிருந்தனர். அறுவை செய்வது தம் வேலையன்று எனக் கிளாரா முதலில் தயங்கினார். அவனது துன்பம் கண்டு தயக்கம் நீங்கினார். தொடைகளில் காயமுற்றுக் கிடந்த வேறொரு வீரர் தவழ்ந்து வந்து அவன் தலையைப் பிடித்துக்கொள்ள, கிளாரா தம் பேனாக்கத்தியால் குண்டை எடுத்துக் காயத்தைக் கழுவிக் கட்டினார்.

கொண்டுவந்த ரொட்டி தீர்ந்தது. நோயாளிகட்கு மருந்தாக அளிக்கும் திராட்சை மதுப் புட்டிகளுள் சில, மரத்தூளுக்கு மாறாகச் சோள மாவில் புதைத்து அனுப்பப்பட்டிருந்தன. கிளாரா அம்மாவைக் கொண்டே கஞ்சி காய்ச்சி ஊட்டினார். பொழுது சாய்ந்தபோது, தலைமை மருத்துவர் எரிந்து முடியும் மெழுகுவத்தித் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு மனம் உடைந்து அமர்ந்திருந்தார். விளக்கின்றி அவ்விரவில் எத்தனை பேர் இறப்பரோ என்பதே அவர் கவலை. கிளாரா தம் வண்டியிலிருந்து கைவிளக்குகள் பலவற்றை எடுத்து வரச் செய்தார். பேர்பாக்ஸில் பட்ட துன்பத்தை அவர் மறக்கவில்லை. அவ்விரவு முழுவதும் அறுவை மருத்துவம் தடையின்றி நடந்தது.

ஓயாத உழைப்பால் கிளாரா காய்ச்சலுற்று வீடு திரும்பினார். உடல் தேறியதும் மீண்டும் களம் புகுந்தார். போர் முடிந்த பின், காணாமற்போன வீரர்களைத் தேடும் அலுவலகம் அமைத்து, ஏறத்தாழ 22,000 பேரின் முடிவைக் கண்டறிந்து குடும்பத்தார்க்கு அறிவித்தார். 1869-இல் ஐரோப்பா சென்றபோது செஞ்சிலுவைச் சங்கத்தைப் பற்றி அறிந்தார். 1881-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவினார். 1889-இல் பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் நகரை அணை உடைந்த வெள்ளம் அழித்தது. 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. உதவிப் பொருள்களுடன் விரைந்து சென்று பல திங்கள் அங்கேயே தங்கித் தொண்டாற்றினார். 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் அவர் வாழ்வு முடிந்தது.

கிளாரா பார்ட்டன் தொண்டு தொடங்கிய நாளில் அவரிடம் பட்டமோ பயிற்சியோ இல்லை. ஆயினும் தம் குறையைத் தாமே கண்டு, மறுமுறை அது நேராவண்ணம் காத்துக்கொள்ளும் அறிவு அவரிடம் இருந்தது. ஒரு களத்தில் விளக்கில்லாமல் வருந்தியவர், அடுத்த களத்தில் விளக்குகளோடு வந்து நின்றார். இரக்கம் பலருக்கும் உண்டு. அவ்விரக்கத்தை ஆயத்தமாக மாற்றி, வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் கொண்டு சேர்ப்பவரே உயிர் காப்பவர் ஆவர்.