தோள்வலி தணிய வழி கண்ட ஹால்ஸ்டெட்

படூரை அடுத்த கேளம்பாக்கத்தில் இன்று பெரிய மருத்துவமனை இயங்குவதை நாம் அறிவோம். எங்கேயாயினும், தோள்மூட்டில் அறுவை செய்துகொண்டவர் பெரிதும் அஞ்சுவது முதல் இரவின் வலியையே. எலும்பைத் துளைத்துத் தசைநாரைத் தைத்த இடமன்றோ அது! கழுத்தோரத்தில் ஊசியிட்டு, தோளுக்கும் கைக்கும் செல்லும் நரம்புப் பின்னலை மரக்கச் செய்து அவ்வலியைத் தணிக்கின்றனர். அம்முறைக்கு வித்திட்டவர் வில்லியம் ஸ்டீவர்ட் ஹால்ஸ்டெட்.

1852இல் நியூயார்க்கில் செல்வக் குடியில் பிறந்தார். யேல் கல்லூரியில் அவருக்கு நூல்களைவிட விளையாட்டிலேயே நாட்டம் மிகுதி. 1877இல் மருத்துவப் பட்டம் பெற்று, ஐரோப்பாவில் ஈராண்டு பயின்று திரும்பினார்.

1884இல் வியன்னா மருத்துவர் கார்ல் கோலர், கோகெய்ன் கரைசலால் கண் மரத்துப்போவதைக் கண்டறிந்தார். ஹால்ஸ்டெட் அதனைக் கண்ணோடு நிறுத்தவில்லை. வலிக்கும் இடத்தை விடுத்து, அவ்விடத்து உணர்வைச் சுமந்து செல்லும் நரம்பின் அருகே மருந்தைச் செலுத்தினார். முதலில் கீழ்த்தாடை நரம்பு. பின்னர்க் கழுத்தைத் திறந்து, நரம்புப் பின்னலைக் கண்ணால் கண்டே மருந்திட்டுக் கையை மரக்கச் செய்தார்.

இச்சோதனைகளுக்கு அவரும் தோழரும் தம் உடலையே தந்தனர். கோகெய்னின் கொடுமையை அந்நாளில் முற்றும் உணர்ந்தவர் அரியர். ஹால்ஸ்டெட் அதற்கு அடிமையானார். 1886இல் பிராவிடன்ஸ் நகர மனநல மருத்துவமனையில் மாதக்கணக்கில் தங்கினார். கோகெய்னுக்கு மாற்றாக மார்பின் வந்து சேர்ந்தது. ஒரு விலங்கு கழன்று மறுவிலங்கு பூண்ட கதை!

நண்பர் வெல்ச் அவரைப் பால்டிமோருக்கு அழைத்துக்கொண்டார். அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தலைமை அறுவை மருத்துவராக உயர்ந்தார். கிருமிக்கொல்லியால் கைகள் புண்ணான செவிலி கரோலைன் ஹாம்ப்டனுக்காக ரப்பர் கையுறை செய்வித்தார். 1890இல் அவரையே மணந்தார். அறுவை அறைகளில் கையுறை பரவியதன் தொடக்கம் இதுவே. 1922இல் ஹால்ஸ்டெட் மறைந்தார். உடன் பணியாற்றிய ஆஸ்லரின் மறைகுறிப்பு 1969இல் வெளிப்பட்டபோதே, பால்டிமோர் நாள்களிலும் மார்பின் அவரை விட்டபாடில்லை என்பது உலகுக்குத் தெரிந்தது.

1911இல் ஜெர்மானிய மருத்துவர் குலென்காம்ப்ஃப், கழுத்தைத் திறவாமல் ஊசியாலேயே அப்பின்னலை எட்டினார். கோகெய்ன் விலகித் தீங்கு குறைந்த மருந்துகள் வந்தன. இன்று அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பைப் பார்த்தே ஊசியிடுகின்றனர். ஒருமுறை இட்ட மருந்து ஏறத்தாழ அரைநாள் அல்லது சற்று மிகுதியாக நிற்கும். மெல்லிய குழாய் பொருத்தினால் இரண்டு மூன்று நாளும் நீட்டிக்கலாம். மார்பின் வகை மருந்துகளின் தேவை குறைவதே இதன் பெரும்பயன் என நாம் கருதுகிறோம். ஹால்ஸ்டெட்டை வருத்திய மருந்தன்றோ அது!

குறையும் உண்டு. அதே பக்கத்து உதரவிதான நரம்பும் மரத்து மூச்சு குறையலாம். ஆதலின் நுரையீரல் நோயர் அதனை முன்னரே மருத்துவரிடம் சொல்லவேண்டும். மரப்பு நள்ளிரவில் நீங்கினால் வலி திடுமென எழும். எனவே மருத்துவர் தந்த மாத்திரையை, வலி தோன்றுமுன்பே உண்டு படுத்தல் நலம்.