சட்டம் கையெழுத்தான அன்று கணவரைத் தேடி ரயில் ஏறிய அமைச்சர்! - ஃபிரான்சிஸ் பெர்கின்ஸின் கதை

1935 ஆகஸ்ட் 14. அமெரிக்காவின் வெள்ளை மாளிகை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார். அவருக்குப் பின்னால் கோட் சூட் போட்ட ஆண்கள் நெருக்கியடித்து நிற்க, நடுவில் ஒரே ஒரு பெண். தொழிலாளர் துறை அமைச்சர் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ். வேலை போனவர்களுக்கு உதவித்தொகை, வயதானவர்களுக்கு பென்ஷன் என்று கோடிக்கணக்கான குடும்பங்களைத் தொடப்போகும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அது. அதற்காக ஓயாமல் ஓடிய ஆள் இவர்தான்.

ஆனா, அன்னைக்கு அவரால கொண்டாட முடியல. மனநோய்க்காக நியூயார்க்கில் சிகிச்சையில் இருந்த கணவரைக் காணோம் என்று தகவல் வந்திருந்தது. போட்டோவுக்கு நின்றுவிட்டு, கிடைத்த ரயிலில் ஏறி கணவரைத் தேடிப் போனார்.

பெர்கின்ஸ் 1880-ல் பாஸ்டனில் பிறந்தவர். மவுன்ட் ஹோலியோக் கல்லூரியில் படிக்கும்போது, பொருளாதார வரலாறு எடுத்த பேராசிரியை மாணவிகளை ஆலைகளைப் பார்க்க அனுப்பிவைத்தார். வசதியான வீட்டுப் பெண்ணுக்கு அது புது உலகம். ஒழுங்கா, குடிக்காம, கடுமையா உழைக்கிறவங்களும் ஏழையா இருக்காங்களேன்னு அவருக்கு உறுத்த ஆரம்பிச்சது அங்கேதான்.

அந்த உறுத்தலை வாழ்நாள் வேலையாக மாற்றியது ஒரு தீ விபத்து. 1911 மார்ச் 25, நியூயார்க். தோழி வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், தீயணைப்பு வண்டிகளின் சத்தம் கேட்டு ஓடினார். டிரையாங்கிள் என்ற சட்டை தைக்கும் கம்பெனி எரிந்துகொண்டிருந்தது. வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. தீயணைப்பு ஏணி அந்த மாடி வரைக்கும் எட்டவில்லை. பெண்கள் ஜன்னலிலிருந்து குதித்ததை அவர் கண்ணால் பார்த்தார். 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிழைக்க வந்த யூத, இத்தாலியக் குடும்பங்களின் இளம்பெண்கள். அதற்குப் பிறகு தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கி, தீ பாதுகாப்புக்கும் வேலை நேரத்துக்கும் சட்டம் கொண்டுவரும் வேலையில் இறங்கிவிட்டார்.

1913-ல் பால் வில்சனைத் திருமணம் செய்தார். கல்யாணத்துக்குப் பிறகும் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. முதல் குழந்தை தங்கவில்லை. 1916-ல் மகள் சுசானா பிறந்தாள். கொஞ்ச காலம் கழித்து நியூயார்க்கின் மகப்பேறு மைய சங்கத்தில் பொறுப்பேற்று, கர்ப்பிணிகளுக்கு முறையான கவனிப்பு கிடைக்க வேலை செய்தார். பிரசவத்தில் ஒரு பெண் எதையெல்லாம் இழக்கலாம் என்பது அவருக்குத் தெரியாததா என்ன?

அந்த நேரத்தில்தான் கணவரின் மனநிலை பாதிக்கப்பட்டது. சில நாள் அளவுக்கு மீறிய உற்சாகம், பல நாள் எழுந்திருக்கவே முடியாத சோர்வு. வீட்டுப் பணத்தில் பெரும்பகுதியை முதலீடு என்ற பெயரில் தொலைத்தும் விட்டார். சிகிச்சைச் செலவு, மகளின் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் பெர்கின்ஸின் சம்பளத்தில். 1919-ல் நியூயார்க் மாநிலத் தொழில் ஆணையத்தில் வருஷத்துக்கு 8,000 டாலர் சம்பளத்தில் பதவி வந்தபோது, அது பெருமை மட்டுமல்ல, பிழைப்பும்கூட. இதையெல்லாம் பத்திரிகைகளுக்குத் தெரியாமல் கடைசிவரை மறைத்தே வைத்திருந்தார். மனநோய் என்றாலே குடும்பத்தை ஒரு மாதிரி பார்க்கும் காலம். இப்ப மட்டும் என்னவாம்னு கேட்கிறீங்களா? அதுவும் சரிதான்.

1933. நாலு பேரில் ஒருவருக்கு வேலையில்லாத அமெரிக்கா. ரூஸ்வெல்ட் இவரை அமைச்சராகக் கூப்பிட்டார். அந்த நாட்டு மத்திய அமைச்சரவையில் முதல் பெண். பதவி கிடைச்சா போதும்னு பெர்கின்ஸ் தலையாட்டவில்லை. வேலையின்மைக் காப்பீடு, முதியோர் பென்ஷன், குறைந்தபட்ச சம்பளம், வேலை நேர வரம்பு, குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு, மருத்துவக் காப்பீடு என்று ஒரு பட்டியலோடு போனார். இதற்கெல்லாம் சம்மதம் என்றால்தான் வருவேன் என்றார். ரூஸ்வெல்ட் சம்மதித்தார்.

இதில் அவரை ரொம்பவே அலைக்கழித்தது வேலையின்மைக் காப்பீடு. மத்திய அரசே நடத்துவதா, மாநிலங்களிடம் விடுவதா? உச்ச நீதிமன்றம் வேறு புதுச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி எறியும் மனநிலையில் இருந்தது. ஒரு டீ விருந்தில் நீதிபதி ஹார்லன் ஸ்டோனிடம் தன் கவலையைச் சொன்னார். வரி போடும் அதிகாரத்தைப் பயன்படுத்தினால் சட்டம் நிற்கும் என்று அவர் காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு கப் டீயில் கிடைத்த யோசனைதான் சட்டத்தின் அஸ்திவாரம்!

கமிட்டி ஆட்களோ ஒரு முடிவுக்கு வருவதாகத் தெரியவில்லை. 1934 கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்லோரையும் தன் வீட்டுக்கு வரவழைத்தார். டெலிபோனைத் துண்டித்தார். மேஜையில் ஒரு விஸ்கி பாட்டிலை வைத்தார். முடிவு எடுக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்றார். ராத்திரி 2 மணிக்கு முடிவு வந்தது.

அந்த ராத்திரி எடுத்த முடிவு இதுதான். கம்பெனிகள் கொடுக்கும் சம்பளத்தின் மேல் மத்திய அரசு ஒரு வரி போடும். மாநிலம் சொந்தமாக வேலையின்மை நிதி ஆரம்பித்தால், அந்த நிதிக்குக் கட்டும் பணத்தை மத்திய வரியில் 90 சதவிகிதம் வரை கழித்துக்கொள்ளலாம். எப்படியும் கட்டப்போகிற பணத்தை டெல்லிக்கு அனுப்புவதைவிட நம்ம மாநிலத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்று நம்மூரில் யோசிக்க மாட்டோமா, அதே கணக்குதான். 1937-க்குள் எல்லா மாநிலங்களும் சட்டம் போட்டுவிட்டன.

இதில் பெர்கின்ஸ் பிடிவாதமாக இருந்த ஒரு விஷயம் உண்டு. இது தர்மப் பணம் கிடையாது. கஞ்சித் தொட்டி வரிசையில் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. உங்களுக்காக முன்கூட்டியே கட்டப்பட்ட காப்பீடு. உங்கள் தப்பு இல்லாமல் வேலை போயிருக்க வேண்டும், வேலை செய்யத் தயாராக இருக்க வேண்டும், வேலை தேடிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவு இருந்தால் பழைய சம்பளத்தில் ஒரு பங்கு சில வாரங்களுக்குக் கிடைக்கும். நீங்கள் ஏழை என்று நிரூபிக்கத் தேவையில்லை.

குறையே இல்லையா? பெரிய குறைகள் இருந்தன. விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். கறுப்பின மக்களில் ஏராளமானவர்கள் செய்தது இந்த இரண்டு வேலைகளைத்தான். மருத்துவக் காப்பீடு, டாக்டர்களின் எதிர்ப்பால் பட்டியலிலிருந்தே கழன்றது.

எனக்கு உறுத்துற இடம் இன்னொண்ணு. வேலை உங்களை விட்டுப் போனால் பணம் உண்டு. வீட்டில் ஒருத்தர் படுத்துட்டாங்க, பிள்ளை பிறந்திருக்குன்னு நீங்க வேலையை விட்டுப் போனால்? தாய் சேய் நலத்துக்கு மாநிலங்களுக்கு மானியம் கொடுத்தது அந்தச் சட்டம். ஆனால், லீவு கொடுக்கவில்லை. பிரசவத்துக்கு 12 வாரம், உதவித்தொகையோடு விடுப்பு வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை 1919-லேயே உருவாகியிருந்தது. உருவான ஊர், வாஷிங்டன்! அதை உருவாக்கிய சர்வதேச தொழிலாளர் அமைப்பில் அமெரிக்கா 1934-ல் சேர்ந்ததற்கு பெர்கின்ஸும் முக்கியக் காரணம். ஆனாலும் அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் சேரவில்லை.

அவர் சொந்த வாழ்க்கையும் இந்த இடைவெளியில்தான் ஓடியது. அலுவலகம் வாஷிங்டனில், கணவர் நியூயார்க்கில். ரயிலில் போய் வந்து பார்த்துக்கொண்டார். வேலையை விட்டால் சிகிச்சைக்குப் பணமில்லை. வேலையைப் பார்த்தால் கணவர் பக்கத்தில் இல்லை. அன்று காணாமல் போன பால் கிடைத்துவிட்டார். அதன் பிறகு 17 வருஷம் உயிரோடு இருந்தார். மகளுக்கும் பின்னாளில் மனநலப் பிரச்னை வந்தது.

1938-ல் குறைந்தபட்ச சம்பளச் சட்டம் வந்தது, மணிக்கு 25 சென்ட். மறு வருஷமே, ஒரு தொழிற்சங்கத் தலைவரை நாடு கடத்தவில்லை என்பதற்காக இவரையே பதவி நீக்கம் செய்யத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அது தோற்றது. 1945 வரை, 12 வருஷம் அமைச்சராக இருந்தார். பதவி போன பிறகும் ஓய்வெடுக்கவில்லை. எழுபது வயசைத் தாண்டி கார்னெல் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கப்போனார். மாணவர்கள் தங்கும் விடுதியிலேயே ஒரு அறையில் தங்கினார். 1965 மே 14-ல் இறக்கும்போது வயசு 85.

குடும்ப விடுப்புச் சட்டம் அமெரிக்காவில் வந்தது 1993-ல். குழந்தை பிறந்தாலோ, தத்தெடுத்தாலோ, பெற்றோர், பிள்ளை, கணவன் அல்லது மனைவி கடுமையாக நோய்வாய்ப்பட்டாலோ வருஷத்துக்கு 12 வாரம் லீவு. வேலை போகாது. ஆனால் சம்பளமும் வராது. நம்ம ஹெச்.ஆர். பாஷையில் 'எல்.ஓ.பி'. அதுவும் 50 பேருக்குக் குறைவான தனியார் கம்பெனி என்றால் அந்த உரிமையும் இல்லை. சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்றால், எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கலிஃபோர்னியா 2004-ல் ஆரம்பித்தது. பெர்கின்ஸ் ரயில் ஏறிப் போன நியூயார்க்கில், நோயாளிக் கணவரைப் பார்த்துக்கொள்ள சம்பளத்தில் ஒரு பங்கோடு லீவு எடுக்கும் உரிமை 2018-ல் வந்தது.