ரொனால்டு ராஸ் அளந்த பன்னிரண்டு மைக்ரான்

நான்கறிவுயிராகிய கொசுவை அறுத்து ஆராய்ந்த ஒருவரின் வரலாறு நம் இதழுக்கு ஏற்குமா எனச் சில அன்பர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் குளிர்காய்ச்சலால் ஆண்டுதோறும் மாண்டுவந்த மக்களும் உயிர்களே என்பதை எண்ணி இதனை எழுதுகிறேன்.

ரொனால்டு ராஸ் 1857 மே 13இல் இமயச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தை படைத்தலைவர். இலண்டனில் மருத்துவம் பயின்று, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். கணக்கிலும் கவிதையிலும் அவருக்கு நாட்டம் மிகுதி. பெங்களூரில் தங்கியிருந்தபோது, சன்னலருகே கிடந்த தொட்டி நீரில் கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்டு நீரைக் கவிழ்த்தார்; வீட்டில் கொசு குறைந்தது. எங்கள் புதுவாயல் பக்கம் மழைநீர் தேங்கிக் கிடக்கும் காலிப் பீப்பாய்களைக் காணும்போதெல்லாம் இச்செய்தி நினைவிற்கு வரும்.

காய்ச்சலுக்குக் காரணமான நுண்ணுயிரைக் குருதியில் லாவெரான் 1880இல் கண்டிருந்தார். அது கொசுவின் உடலில் வளரலாம் என்னும் கருத்தை 1894இல் மேன்சன் என்னும் மருத்துவர் ராஸுக்கு எடுத்துரைத்தார். அதனை மெய்ப்பிக்க ராஸ் செகந்திராபாத்தில் முயன்றார். கடும் வெப்பம், அறுத்த கொசு பறந்துவிடும் என்று விசிறியும் கூடாது. நெற்றி வியர்வையால் நுண்ணோக்கியின் திருகாணிகள் துருவேறின. நோயாளி உசேன் கான், கடி ஒன்றுக்கு ஓரணா பெற்றுக்கொண்டு கொசுக்களுக்குத் தம் உடலைக் கொடுத்தார். இவருக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு.

1897 ஆகஸ்டு 20. கொசுவின் இரைப்பைச் சுவரில் வட்டமான ஓர் அணு தென்பட்டது. குறுக்களவு ஏறத்தாழ 12 மைக்ரான். இரைப்பையின் இயல்பான அணுக்களைவிட அது சிறியது. உள்ளே காய்ச்சல் நுண்ணுயிருக்கே உரிய கருந்துகள்கள்.

மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அளக்கும் முறை எளிது. கண்ணருகு வில்லையில் கோடிட்ட கண்ணாடி ஒன்றை வைத்து, பத்துப் பத்து மைக்ரானாகப் பகுத்த அளவுத் தகட்டோடு அதனை ஒப்பிட வேண்டும். கண்ணாடியின் 50 பிரிவுகள் தகட்டின் 150 மைக்ரானோடு பொருந்தினால், பிரிவு ஒன்று 3 மைக்ரான். அணு நான்கு பிரிவுகளை அடைத்தால் 12 மைக்ரான். அதையே ஏட்டில் 12 மில்லிமீட்டர் அகலத்தில் வரைந்தால் படத்தின் உருப்பெருக்கம் ஆயிரம் மடங்கு. வில்லைகள் இரண்டின் பெருக்கத்தை, பத்தையும் நாற்பதையும் பெருக்கி நானூறு என்று கண்டு, அதையே படத்தின் கீழ் எழுதிவிடுவோர் பலர். படத்தின் உருப்பெருக்கம் வேறு. வில்லையின் பெருக்கம் வேறு.

அன்றிரவு ராஸுக்கு உறக்கமில்லை. கண்டது நுண்ணுயிராயின் வளர வேண்டும். ஒரே நாளில் நோயாளியைக் கடித்த கொசுக்களுள் ஒன்றே எஞ்சியிருந்தது. அது விடியுமுன் இறந்தால் சான்று போகும். மறுநாள் அதனுள் இருந்த அணுக்கள் முன்னாளினும் பெரியனவாக இருந்தன. அளவில் கண்ட அந்த வேறுபாடே சான்று.

1898இல் கல்கத்தாவில் பறவைகளின் காய்ச்சலைக் கொண்டு, நுண்ணுயிர் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதைக் கண்டார். மனிதரிடத்து அச்சுழற்சியை இத்தாலியரான கிராசி குழுவினர் நிறுவினர். அதனால் எழுந்த பூசல் நெடுநாள் நீடித்தது. 1902இல் ராஸ் நோபல் பரிசு பெற்றார். பின்னாளில் கொசு பெருகும் நீர்நிலைகளை ஒழிக்குமாறு பல நாடுகளில் வலியுறுத்தினார். பிறந்தபின் கொல்வதினும், நீர் தேங்காமல் காத்துப் பிறவாமல் தடுப்பதே நமக்கு உகந்த வழி. ராஸ் 1932 செப்டம்பர் 16இல் இலண்டனில் மறைந்தார். பேகம்பேட்டையில் அவர் ஆய்வு செய்த கட்டடம் இன்றும் நிற்கிறது.